வீட்டு முகவரியை ஊருக்கே அறிவிப்பது குற்றமா? – வாசகர் கேள்விகளும் வழக்கறிஞர் பதில்களும்

இம்மாதம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகைத் துன்பத்தைப் பேசுகின்றன. ஒருவருடைய பெயர், படம், செல்பேசி எண், வீடு இருக்கும் இடம் ஆகியவற்றைச் சேர்த்து, பிறரை அவர்மீது ஏவிவிடும் நோக்கத்தோடு இணையத்தில் பரப்புகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருப்பதில்லை. டாக்ஸிங் என்று இப்போது எல்லோரும் குறிப்பிடும் இந்தச் செயலைப் பற்றிய கேள்விகளை மட்டுமே இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை நீக்கியிருக்கிறோம். அடையாளம் தெரிந்துவிடும் என்று தோன்றிய இடங்களில் ஊரையும் மாற்றியிருக்கிறோம்.

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். நான் செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கருங்கல் பக்கம் எங்கள் ஊர். என்னோடு பழக விரும்பிய ஒருவரை நான் மறுத்துவிட்டேன். அதன்பிறகு அவர் இன்ஸ்டாகிராமில் என் பெயரிலேயே ஒரு கணக்கைத் தொடங்கி, என் படத்தையும் செல்பேசி எண்ணையும், எங்கள் வீடு எந்தக் குருசடிக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும், இரவில் அழைக்கலாம் என்ற வரியோடு போட்டிருக்கிறார். நான் அவருடைய எண்ணைத் தடை செய்த பிறகும் வேறு எண்களிலிருந்து செய்தி அனுப்புகிறார். முன்பின் தெரியாத இருவர் பைக்கில் வீட்டு வாசல்வரை வந்து என் பெயரைச் சொல்லி விசாரித்தார்கள். காவல் நிலையத்தில், படம் ஆபாசமாக இல்லை, கொலை மிரட்டலும் இல்லை, எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் அதையேதான் சொல்கிறார். முகவரியை வெளியிடுவது குற்றமே இல்லையா?
– வாசகி, கருங்கல் வட்டாரம்

பதில்: உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய முகவரியையோ செல்பேசி எண்ணையோ அவருடைய இசைவில்லாமல் வெளியிடுவதை மட்டும் தனியொரு குற்றமாகப் பெயரிட்டுத் தண்டிக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. காவல் நிலையத்தில் உங்களுக்குக் கிடைத்த பதில் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது. ஆனால் உங்களுக்கு நேர்ந்திருப்பது வெறும் முகவரி வெளியீடு அல்ல. அந்தச் செயலுக்குள் குறைந்தது மூன்று குற்றங்கள் அடங்கியிருக்கின்றன, அவற்றைப் பிரித்துக் காட்டாமல் புகார் எழுதப்பட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கியது ஒன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவு, பிறருடைய அடையாளத்தை வஞ்சகமாகப் பயன்படுத்துவதற்கு மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. நீங்கள் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் வேறு வேறு எண்களிலிருந்து தொடர்புகொள்ள முயல்வது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் வரும் பின்தொடர்தல் குற்றம். முதல் முறைக்கு மூன்று ஆண்டுவரை சிறை, மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டுவரை சிறை என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. இரவில் அழைக்கலாம் என்ற அந்த வரி உங்கள் கண்ணியத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. அது 79-ஆம் பிரிவு, மூன்று ஆண்டுவரை சிறை. படம் ஆபாசமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்த மூன்றில் எதற்கும் கிடையாது.

இவற்றோடு நம் மாநிலத்தின் சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1998-இல் சென்னையில் ஈவ் டீசிங் கொடுமையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததைத் தொடர்ந்து கொண்டுவரப்பட்டதுதான் இன்று தமிழ்நாடு பெண்களைத் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று அறியப்படும் சட்டம். பேருந்து நிறுத்தம், கல்லூரி வாசல், திரையரங்கம் போன்ற இடங்களை நினைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டத்தை, மின்னணு வழியில் நடக்கும் துன்புறுத்தலுக்கும் விரிக்கும் திருத்தத்தை 2025 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றியது. புகாரில் இந்தச் சட்டத்தின் பெயரையும் குறிப்பிடுங்கள்.

காவல் நிலையத்தில் இன்னொன்றையும் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லலாம். 79-ஆம் பிரிவில் வரும் குற்றத்தைப் பற்றி ஒரு பெண் தரும் தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் அரசு ஊழியருக்கு, அதே சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் தண்டனையை வைத்திருக்கிறது. உங்கள் வாக்குமூலத்தைப் பெண் காவலர் ஒருவர்தான் பதிவு செய்ய வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கோ நீங்கள் நேராகவே போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினாலோ 15100 என்ற எண்ணை அழைத்தாலோ புகார் எழுதுவதற்கே ஒரு வழக்கறிஞர் கிடைப்பார்.

கணக்கை நீக்குவதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆள்மாறாட்டக் கணக்கு என்று பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டன. ஆனால் நீக்கச் சொல்வதற்கு முன்னால் சாட்சியத்தைச் சேர்த்துவையுங்கள். கணக்கின் முழுப் பெயர், அதன் லிங்க், தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், வந்த அழைப்புகளின் பட்டியல் எல்லாம் வேண்டும். நீக்கப்பட்ட பதிவின் விவரங்களை நிறுவனம் 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது அதே விதிகளில் உள்ளது; எனவே காவல்துறை அந்தக் காலத்துக்குள் கேட்டுப் பெறும்படி புகாரை விரைவில் கொடுத்துவிட வேண்டும். புகாரைத் தாமதப்படுத்துவதால் குற்றவாளிக்குக் கிடைக்கும் பெரிய உதவி இதுதான்.

உங்கள் அப்பா அச்சத்தால் பேசுகிறார் என்பது எனக்குப் புரிகிறது. எண்ணை மாற்றுவது தவறல்ல. பழைய சிம்மையும் அந்தப் போனையும் அழித்துவிடாமல் வைத்திருந்தால் போதும். ஆனால் எண்ணை மாற்றலாம், வீட்டை மாற்ற முடியாது. வாசலுக்கு இருவர் வந்த பிறகு, இதைப் பேசாமல் விடுவது பாதுகாப்பு என்று அவர் நினைக்கக் கூடாது என்பதை நீங்கள் இந்தப் பதிலைக் காட்டியே சொல்லலாம்.

கேள்வி: களியக்காவிளையில் சிறிய தையல் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளராக வந்து பழகிய ஒருவர், பணத் தகராறில், என் கடை முகவரியையும் என் படத்தையும் பேஸ்புக்கில் போட்டு மிக இழிவாக எழுதி, கடையை எரிப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் பாறசாலையில் இருக்கிறார். இங்கே போனால் கேரளத்தில் கொடு என்கிறார்கள், அங்கே போனால் தமிழ்நாட்டில் கொடு என்கிறார்கள்.
– வாசகி, களியக்காவிளை

பதில்: எல்லைக்கு இரண்டு பக்கமும் அலைய வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்று சொல்கிறது. அப்படிப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்புவதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். மேலும், ஒரு செயலின் விளைவு எங்கே நேர்ந்ததோ அந்த ஊர் நீதிமன்றமும் வழக்கை விசாரிக்கலாம். அவர் பாறசாலையில் உட்கார்ந்து எழுதினாலும், அச்சமும் இழப்பும் நேர்ந்தது உங்கள் கடையில்தான் என்பதால் குழித்துறை நீதிமன்ற எல்லையிலேயே வழக்கு நடக்க இயலும்.

புகாரை மின்னஞ்சலிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் போய்க் கையொப்பமிட வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும் என்பது உண்மை. அது புலனாய்வுக்கான வரம்பு, புகாரை வாங்க மறுப்பதற்கான காரணம் அல்ல. வழக்குப் பதியாமல், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு உங்களை அனுப்பினால், நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையென்றால் உறுதிமொழிப் பத்திரத்தோடு நீதித்துறை நடுவரிடம் மனு கொடுக்கலாம். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே அறுதியிட்டிருக்கிறது.

கடையை எரிப்பேன் என்ற சொல்லைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். தீ வைப்பதாக மிரட்டுவது சாதாரண மிரட்டல் அல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில் ஏழு ஆண்டுவரை தண்டனைக்குரிய வகையில் அது வருகிறது.

கேள்வி: நான் ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர். எங்கள் ஊர்க் குளத்தின் கரையை ஆக்கிரமித்ததை எதிர்த்து மனு கொடுத்தேன். அதற்குப் பிறகு ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என் வீட்டின் படத்தையும், என் பிள்ளைகள் ஏறும் பள்ளி வேன் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்பதையும் போட்டு, மனுவைத் திரும்பப் பெறு, பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறார்கள். அனுப்பிய எண் யாருடையது என்று தெரியவில்லை. நேரடி மிரட்டல் எதுவும் இல்லையே என்கிறார்கள். குழுவின் அட்மின்மீது வழக்குப் போடலாமா?
– வாசகர், கல்குளம் வட்டம்

பதில்: பத்திரமாகப் பார்த்துக்கொள் என்பது தனியே நின்றால் அக்கறைச் சொல். அதற்கு மேலே வேன் நிற்கும் இடமும் நேரமும், அதற்கு முன்னால் மனுவைத் திரும்பப் பெறு என்ற கட்டளையும் இருக்கும்போது அது என்ன சொல் என்று எந்த நடுவருக்கும் விளங்கும். சட்டம் கேட்பது, ஒருவருக்கோ அவர் அக்கறை கொண்டவர்களுக்கோ தீங்கு நேரும் என்று அச்சுறுத்தி, அவர் செய்ய உரிமையுள்ள ஒன்றைச் செய்யாமல் தடுக்கும் நோக்கம் இருந்ததா என்பதைத்தான். மனுக் கொடுப்பது உங்கள் உரிமை. பிள்ளைகளைக் காட்டி அதைத் தடுக்கப் பார்க்கிறார்கள். 351-ஆம் பிரிவு இதற்கு நேராகப் பொருந்துகிறது. அடையாளத்தை மறைத்துக்கொண்டு மிரட்டினால் அதே பிரிவின் நான்காவது உட்பிரிவு கூடுதலாக இரண்டு ஆண்டுவரை சிறை விதிக்கிறது.

ஒன்றை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும். நீங்கள் ஆண் என்பதால் பின்தொடர்தல் பிரிவும், பெண்களைத் துன்புறுத்தல் தடைச் சட்டமும் உங்களுக்குக் கிடைக்காது. கருங்கல் வாசகிக்கு நான்கு வாசல்கள் இருந்தன, உங்களுக்கு ஒன்றுதான் இருக்கிறது. மிரட்டல் பிரிவில் சில வகைகளைக் காவல்துறை நடுவரின் உத்தரவில்லாமல் புலனாய்வு செய்ய முடியாது என்று சொல்லும் வாய்ப்பும் உண்டு. அப்போது, ஒரே நிகழ்வில் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்று சேர்ந்திருந்தாலும் முழு வழக்கையும் அப்படியே கருத வேண்டும் என்ற விதியை உங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டுவார். அத்தகைய குற்றம் சேர்ந்திராவிட்டால் நடுவரிடம் அனுமதி மனுப் போட வேண்டியதுதான்.

யார் என்பது தெரிய வந்தவுடன் இன்னொரு வழியும் திறக்கும். அமைதியைக் குலைக்கக்கூடியவர் என்று கருதப்படுபவரிடம், ஓராண்டுவரை நன்னடத்தைப் பிணை எழுதி வாங்க நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. தண்டனைக்குக் காத்திருக்காமல் உடனே கையைக் கட்டிப்போடும் நடவடிக்கை என்பதால், உள்ளூர்த் தகராறுகளில் இது பல வேளைகளில் வழக்கைவிடப் பயன்படுகிறது. இன்றே பள்ளி நிர்வாகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, வேன் நிற்கும் இடத்தைச் சில வாரங்களுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அட்மின் பற்றிய கேள்விக்கு நம் மதுரைக் கிளையே பதில் தந்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஒரு வழக்கில், குழுவை நடத்துபவர் என்பதற்காக மட்டும், பிறர் போட்ட பதிவுக்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்ற நிலையை உயர்நீதிமன்றம் எடுத்தது. அவரும் திட்டத்தில் பங்கேற்றிருந்தால் நிலைமை வேறு. அதே வேளையில், அந்தப் படத்தைத் தாமாகவே பிற குழுக்களுக்கு அனுப்பியவர்கள் தப்பிவிடுவதில்லை. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய இழிவான பதிவு ஒன்றைத் தாம் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் என்று வாதிட்டவரின் மனுவை 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே அட்மினைப் பகைத்துக்கொள்ளாமல், எந்தெந்த எண்கள் அதைப் பரப்பின என்ற விவரத்தை அவரிடமிருந்தே எழுத்தில் பெற முயலுங்கள். அவர் உங்களுக்கு நல்ல சாட்சியாக அமையக்கூடும்.

கேள்வி: என் மகள் டெக்சாஸில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒருவருடைய வீட்டு முகவரியைத் தீங்கு நினைத்து இணையத்தில் போட்டால் மாநிலச் சட்டப்படியே குற்றம் என்கிறாள். அமெரிக்காவில் மாநிலங்களால் முடிவது தமிழ்நாட்டால் முடியாதா? கேரளம் ஒருமுறை கொண்டுவந்து திரும்பப் பெற்றுவிட்டதே, ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

பதில்: உங்கள் மகள் சொன்னது சரி. டெக்சாஸில் 2023 செப்டம்பர் 1 முதல், ஒருவருக்கோ அவருடைய குடும்பத்துக்கோ தீங்கு விளைவிக்கும் நோக்கத்தோடு வீட்டு முகவரியை அல்லது தொலைபேசி எண்ணை யாரும் பார்க்கக்கூடிய இணையதளத்தில் வெளியிடுவது குற்றம். அதனால் உடற்காயம் நேர்ந்தால் தண்டனை கூடுகிறது. கலிபோர்னியாவில் இதற்கு முன்பே ஒரு குற்றப்பிரிவு இருந்தது. ஒருவரை அவருடைய பாதுகாப்பைப் பற்றி அஞ்சச் செய்யும் நோக்கத்தோடு, மூன்றாம் ஆட்கள் அவரைத் தொல்லைப்படுத்துவதற்காக விவரங்களை வெளியிட்டால் ஓராண்டுவரை சிறை. அதோடு நில்லாமல், 2025 ஜனவரி 1 முதல் பாதிக்கப்பட்டவரே உரிமையியல் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறும் வழியையும் அந்த மாநிலம் ஏற்படுத்தியது. இல்லினாய்ஸ் மாநிலம் 2024 ஜனவரி 1 முதல் இழப்பீட்டு வழியைத் தேர்ந்தெடுத்தது.

இந்தச் சட்டங்களில் நான் மதிப்பது தண்டனையின் அளவை அல்ல, சொற்களின் கறாரை. முகவரி வெளியானது மட்டும் போதாது. தீங்கு செய்யும் நோக்கம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். தபால் அட்டையில் முகவரி எழுதுபவரும், பஞ்சாயத்துத் தலைவரின் அலுவலக எண்ணைப் போட்டுக் குடிநீர் கேட்பவரும் இதில் சிக்குவதில்லை.

கேரளத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது, நம் மாவட்டத்தவர் பலரும் மலையாளச் செய்தியில் அப்போதே பார்த்திருப்பீர்கள். பெண்கள்மீதான இணையவழி இழிவுகளைத் தடுப்பதற்காக என்று சொல்லி, கேரளக் காவல் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் அவசரச் சட்டம் 2020 நவம்பரில் வந்தது. ஆனால் எழுதப்பட்ட வாசகமோ, எந்தத் தொடர்பு வழியாகவும் ஒருவரை மிரட்டும், இழிவுபடுத்தும், அவதூறு செய்யும் எதையும் உள்ளடக்கும் அளவுக்கு அகலமாக இருந்தது. தண்டனை மூன்று ஆண்டுவரை. பத்திரிகையாளர்களும் எதிர்க்கட்சிகளும் மட்டுமல்ல, ஆளும் அணிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களுக்குள் முதலமைச்சர் அதை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார், பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லது, நான் அதைக் குறை சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணைக் காக்கும் வரியும், அமைச்சரை விமர்சித்தவரைப் பிடிக்கும் வரியும் ஒன்றாகவே எழுதப்பட்டுவிட்டதுதான் பிழை.

இந்தப் பிழைக்கு முன்னோடி நாடு முழுவதும் தெரிந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலூட்டுவது, இடையூறு தருவது என்ற சொற்களுக்கெல்லாம் சிறைத் தண்டனை வைத்திருந்தது. 2012-இல் மும்பை முழு அடைப்பைப் பற்றி பேஸ்புக்கில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் பால்கரில் கைதானார்கள். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுவதுமாக நீக்கியது. அதே தீர்ப்பில் கேரளக் காவல் சட்டத்தின் 118டி பிரிவும் வீழ்ந்தது. ஐந்தே ஆண்டில் அதே சட்டத்தில் வேறோர் எழுத்தோடு அதே போன்ற பிரிவைச் சேர்க்க முயன்றதை எண்ணிப் பாருங்கள்.

தமிழ்நாட்டால் முடியுமா என்றால், முடியும். பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன, குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. தொலைத்தொடர்பு மத்தியப் பட்டியலில் இருப்பதால், நிறுவனங்கள் எப்படி இயங்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் எழுதினால் சிக்கல் வரும். மிரட்டும் மனிதரின் செயலைக் குற்றமாக்குவதில் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால், அரசமைப்பின் 254-ஆம் பிரிவுப்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலச் சட்டம் இங்கே செல்லும். ஏற்கெனவே நம் மாநிலம் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2014-இல் சைபர் குற்றவாளிகளையும் சேர்த்தது. விசாரணை முடியுமுன்னே ஓராண்டுவரை அடைத்துவைக்கும் அந்தக் கருவியை இத்தகைய வழக்குகளுக்குப் பயன்படுத்துவது சரியான மருந்து என்று நான் நினைக்கவில்லை. கருங்கல் வாசகிக்கு வேண்டியது, பதிவு இன்றே நீங்குவதும், தொல்லை தந்தவர் இனி அணுகக் கூடாது என்ற உத்தரவும், குற்றம் நிறுவப்பட்டால் தண்டனையும்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடைவெளியை அடைத்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது நிறுவனங்களையும் அரசையும் நோக்கி எழுதப்பட்டது. ஒரு தனிமனிதர் தம் சொந்தக் காரியத்துக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் மூன்றாவது பிரிவே விலக்களிக்கிறது. பகைமை கொண்ட ஒருவர் அடுத்த வீட்டுக்காரரின் எண்ணைப் பரப்புவது அதற்குள் எளிதில் வராது.

ஆகவே எனக்கு ஒரு மாநிலச் சட்டம் வேண்டும் என்பதில் தயக்கமில்லை. அதில் நான்கு சொற்கள் தப்பாமல் இருக்க வேண்டும்: இசைவின்மை, தீங்கு செய்யும் நோக்கம், வசிப்பிட விவரம், நியாயமான அச்சம். ஆண் பெண் வேறுபாடு கூடாது. பொதுப் பதவியில் இருப்பவரின் அலுவலக நடவடிக்கைகளைப் பேசுவதற்கும், செய்தி வெளியிடுவதற்கும், ஊழலை அம்பலப்படுத்துவதற்கும் வெளிப்படையான விலக்கு வேண்டும். இழிவு, எரிச்சல், மனவருத்தம் போன்ற சொற்கள் அதற்குள் ஒருபோதும் நுழையக் கூடாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த உரிமையைச் சாதாரணக் குடிமகன் ஒருவரிடமிருந்து இன்னொரு குடிமகனுக்குப் பாதுகாத்துத் தரும் வேலையைச் சட்டமன்றம்தான் செய்ய வேண்டும். உங்களைப் போன்ற ஆசிரியர்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதும் கடிதத்துக்கு மதிப்பு உண்டு, எழுதுங்கள்.

கேள்வி: என் கணவர் துபாயில் இருக்கிறார். ரப்பர் தோட்டத்து எல்லைத் தகராறில் கோபப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும் அவர் மகளின் படத்தையும் போட்டு, இவர்களைச் சும்மா விடாதீர்கள் என்று எழுதிவிட்டார். அவர் வெளிநாட்டில் இருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். உண்மையா?
– வாசகி, குலசேகரம்

பதில்: உண்மை அல்ல. இந்தியக் குடிமகன் வெளிநாட்டிலிருந்து செய்த குற்றத்துக்கும் இங்கே வழக்கு உண்டு. அதைவிட அவர் அஞ்ச வேண்டியது, தாம் நிற்கும் மண்ணின் சட்டத்துக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் ஆணைச் சட்டம், பிறருடைய தனியுரிமையை இணையவழியில் மீறுவதற்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையும் ஒன்றரை லட்சம் திர்ஹாம் முதல் ஐந்து லட்சம் திர்ஹாம்வரை அபராதமும், அல்லது இவற்றில் ஒன்றை, தண்டனையாக வைத்திருக்கிறது. பதிவை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். எழுதியதை மறுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவிப்பது உங்கள் குடும்பத்தின் கடமை, அந்தப் பெண்பிள்ளைக்கு இந்தத் தகராறில் எந்தப் பங்கும் இல்லை. எல்லைக்கு அளவைத் துறையும் உரிமையியல் நீதிமன்றமும் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் பள்ளியில் படிக்கும் ஒன்பதாம் வகுப்புச் சிறுமிக்குப் பாலியல் தொல்லை தந்ததாக ஒரு பையன்மீது புகார். நியாயம் கிடைக்க வேண்டும் என்று பெற்றோர் குழுவில் புகார் மனுவின் படத்தையும், பையனின் வீட்டு எண்ணையும் யாரோ போட, நானும் இரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன். நல்லது நினைத்துத்தான் செய்தேன். இப்போது பயமாக இருக்கிறது.
– ஆசிரியை, பூதப்பாண்டி வட்டாரம்

பதில்: உங்கள் நோக்கத்தை நான் நம்புகிறேன், சட்டம் இங்கே நோக்கத்தைக் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையோ, சட்டத்தோடு முரண்பட்டதாகச் சொல்லப்படும் குழந்தையோ யார் என்று தெரியும்படி பெயர், முகவரி, பள்ளி எதையும் எந்தத் தொடர்பு வழியாகவும் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் தடுக்கிறது. ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். போக்சோ சட்டமும் குழந்தையின் அடையாளத்தைக் காக்கிறது. பையனும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் அவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. அவர் குற்றம் செய்திருந்தாலும் அந்த எண்ணுக்கு அழைப்பவர்கள் அவருடைய தாயைத்தான் தொல்லை செய்வார்கள்.

இந்த இதழின் மற்றக் கடிதங்களில் துன்பப்பட்டவர்களின் முகவரி பகைவர் கையால் பரவியது. உங்கள் ஊரில் அது பரிவுள்ளவர்கள் கையால் பரவுகிறது. அந்தச் சிறுமி நாளை வகுப்புக்குள் நுழையும்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

இன்று செய்ய வேண்டியவை சில. நீங்கள் அனுப்பிய இரண்டு குழுக்களிலும் எல்லோருக்குமாக நீக்குங்கள். நேரம் கடந்ததால் நீக்க முடியாவிட்டால் அட்மினிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள். சிறுமியின் பெயரை மீண்டும் எழுதாமல், இந்தப் படத்தை வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி போடுங்கள். தலைமையாசிரியரிடம் நடந்ததை எழுத்தில் தெரிவியுங்கள். சிறுமியின் பெற்றோரைச் சந்தித்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098 வழியாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆற்றுப்படுத்துநரை அணுக உதவுங்கள். முதலில் குழுவில் படத்தைப் போட்டவர் யார் என்று காவல்துறை கேட்டால், தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.